சின்ன டொக்டரின் பூனை

ஏழுமலையைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். மற்றதைச் சொல்ல எனக்கு யோசனை தேவையில்லை. எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் அவன் முப்பத்தொரு வருடம் போத்தல் கழுவினான். போத்தல் கழுவுவது கேவலமான வேலை என்று நான் சொல்லவில்லை. நானும் நாற்பது வருடம் றப்பர் பால் வெட்டியவள், என் கை நாறாத நாறலா. கழுவிய போத்தலில் இருந்த மருந்தெல்லாம் தன் மண்டைக்குள் இறங்கிவிட்டதாக அவன் நினைத்தானே, அதுதான் கேவலம்.

கஹவத்தையிலிருந்து பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் எங்கள் தோட்டம். மேலே தேயிலை, கீழே றப்பர், நடுவில் நாங்கள் குடியிருக்கிற ஆறு லயம். மூன்றாம் லயத்தில் அவன் காம்பராவுக்கும் என் காம்பராவுக்கும் ஒரே சுவர். அந்தச் சுவரும் கூரையைத் தொடாது. அவன் மிளகாய் தாளித்தால் நான் தும்முவேன். அதனால் இதெல்லாம் யாரோ சொல்லக் கேட்டுச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.

டிஸ்பென்சரி ஐயா பத்து மணிக்குத்தான் வருவார். ஏழு மணியிலிருந்து ஏழுமலை வெள்ளைச் சட்டை போட்டு வாசலில் உட்கார்ந்திருப்பான். வருகிற பெண்ணின் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்து, "வெள்ளையா இருக்கு, ஈரல் தின்னு" என்பான். இரத்தம் குறைந்த பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு ஐயா எப்போதோ சொன்ன வார்த்தை அது. அவர்களுக்கு அது சரிதான். இவன் அதைப் பிடித்துக்கொண்டு தலைவலிக்கும் ஈரல், கால் வீக்கத்துக்கும் ஈரல், புருஷன் அடித்த வீக்கத்துக்கும் ஈரல் என்றான். சனம் கேலியாக 'சின்ன டொக்டர்' என்று கூப்பிட்டது. அவன் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டான். பென்ஷன் எடுத்த பிறகும் அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான்.

"வாய மூடுங்க" என்று அவனிடம் சொல்லக்கூடிய ஒரே மனுஷி அவன் பெண்சாதி சுப்பம்மா. அவள் செத்துப் போய் இரண்டு வருடம். மகன் கொழும்பில் கடையில் வேலை, போனில் கூப்பிடுவான், வரமாட்டான். அந்தக் காலத்தில்தான் றப்பர் ஸ்டோருக்குப் பின்னால் தாய் விட்டுப்போன ஒரு பூனைக்குட்டியை இவன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தான். வெள்ளைக் குட்டி, மூக்கு மட்டும் ரோஸ். அதற்கு 'டொனிக்' என்று பேர் வைத்தான். பூனைக்கு வைக்கிற பேரைப் பாருங்கள்.

லயத்தில் பூனைகளுக்குக் குறைவில்லை. சோற்றில் பிசைந்த நெத்தலித் தலை, எலி, பல்லி, ஓணான் என்று தின்று கூரையில் கல் உருள்வதுபோல் ஓடும். டொனிக் அப்படித் தின்னக்கூடாதாம். "இது லயத்துப் பூன இல்ல அக்கா. இதுக்கு இரத்தம் ஊறணும்" என்றான். என்ன கொடுத்தான் தெரியுமா? ஈரல். காலையிலும் ஈரல், மாலையிலும் ஈரல். எலும்பில்லை, சோறில்லை, மீனில்லை. தொண்டையில் குத்துமாம்.

அதுவும் மாட்டு ஈரல். கோழி ஈரலில் சத்தில்லை என்று அவனே தீர்மானித்துவிட்டான். புதனும் சனியும் கஹவத்தைக்குப் போய் அஸீஸின் இறைச்சிக் கடையில் வாங்குவான். எங்கள் மாரியம்மன் கோயில் கமிட்டியில் இருக்கிறவர்கள் வீட்டு வாசற்படியை மாட்டிறைச்சி தாண்டக்கூடாது. இவனோ கோயில் சாவி வைத்திருக்கிற ஆள். அதனால் அஸீஸிடம் சொல்லி முதலில் வாழையிலை, அதன்மேல் பேப்பர், அதற்கும் மேல் மருந்துக் கடைப் பை என்று மூன்று சுற்றுச் சுற்றி வாங்கி, நோயாளிக்கு மருந்து கொண்டுபோகிறவன் முகத்தோடு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவான். அஸீஸ் நல்ல மனுஷன். அண்ணன்தான் தின்னுகிறார்போல என்று நினைத்து ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

எனக்கு மூச்சு விட வேண்டியதே இல்லை, சுவருக்கு மேலால் வாசம் வந்துவிடும். ஒருநாள் கேட்டேன். "ஏழுமல, இடுப்புல கோயில் சாவி, அடுப்புல மாட்டீரலா?" என்றேன். தான் தின்னவில்லை, மருந்தாகக் கொடுக்கிறேன் என்றான். அவன் மானம், அவன் பாடு என்று விட்டுவிட்டேன். பூனை வயிறு நிறையத் தின்கிறதே, அதற்கென்ன குறை என்றுதான் நானும் நினைத்தேன். அந்த மட்டில் நானும் மடச்சிதான்.

ஐந்து மாதம் ஆனதும் பூனை நொண்டியது. முதலில் ஏணிப்படியில் ஏறாமல் நின்றது. பிறகு ஓடுவதை விட்டது. தொட்டால் கத்தியது. இவன் அதன் கண் இமையை இழுத்துப் பார்த்து, வெள்ளை என்று சொல்லி, ஈரலை இரண்டு மடங்காக்கினான். பிறகு எண்ணெய் போட்டு உருவினான். பிறகு மூங்கில் சிம்பு வைத்து, டிஸ்பென்சரியிலிருந்து எப்போதோ எடுத்து வந்த பண்டேஜால் பின்னங்காலைக் கட்டினான். அந்தப் பூனை போட்ட சத்தத்தில் நான் சோற்றுப் பானையை இறக்கிவைத்துவிட்டு அவன் வாசலுக்குப் போனேன்.

"அவுத்து விடு" என்றேன்.

"எலும்பு சேரணும் அக்கா. ஒங்களுக்கு வெளங்காது."

எனக்கு விளங்காதாம். மறுநாள் என் ஆட்டுக்குப் பூச்சி மருந்து வாங்கப் போக சதீஸின் திறீவீல் வந்து நின்றது. சதீஸ் எங்கள் லயத்துப் பையன்தான், ஆடு மாடு என்று பார்க்காமல் எல்லாரையும் ஏற்றுவான். ஆட்டை ஏற்றிவிட்டு ஏழுமலையின் கதவைத் தட்டி, பூனையைத் தூக்கு என்றேன். மாட்டு டொக்டருக்குப் பூனையைப் பற்றி என்ன தெரியும் என்று பேசிக்கொண்டே வந்து ஏறினான். பேசாமல் அவனுக்கு ஏறவும் தெரியாது.

கஹவத்தை அரசாங்க மாட்டு ஆஸ்பத்திரியில் அப்போது ஒரு சிங்களப் பெண் டொக்டர் இருந்தார். முதல் வேலையாக மூங்கிலை அவிழ்த்து ஒரு பக்கம் போட்டார், இது யார் கட்டியது என்று கேட்கவும் இல்லை. பூனையைத் தடவிப் பார்த்துவிட்டு, "மொனவத கன்ன தென்னே?" என்றார். என்ன தின்னக் கொடுக்கிறீர்கள் என்று கேள்வி.

பக்கத்து வாங்குப் பலகையில் கோயில் கமிட்டிச் செயலாளர் சுதாகரன் தன் கன்றுக்குட்டியோடு உட்கார்ந்திருந்தான். திருவிழாவுக்கு இன்னும் மூன்று கிழமை, இருபத்தொரு நாள். ஞாயிற்றுக்கிழமை திருவிழாத் தலைவரைத் தெரிவு செய்கிற கூட்டம். தலைவராகிறவன்தான் கரகம் தூக்குவான். ஏழுமலை நாற்பது வருடம் மற்றவர்கள் தூக்கிய கரகத்துக்குப் பின்னால் விபூதித் தட்டோடு நடந்தவன். சுதாகரனை ஒரு பார்வை பார்த்தான். பிறகு தன் நல்ல சிங்களத்தை எடுத்து, சோறு கொடுக்கிறேன், மீனை முள்ளோடு அரைத்துக் கொடுக்கிறேன், பாலும் வைக்கிறேன் என்று தாய் பிள்ளைக்கு ஊட்டுவதுபோல் அடுக்கினான். நான் என் ஆட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தின்பதற்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அப்போது தெரியாது.

டொக்டர் வலிக்கு மருந்து கொடுத்தார். இரத்தினபுரியில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். அதுவரை குதிக்க விடாதீர்கள், உருவாதீர்கள் என்றார்.

இவன் எக்ஸ்ரே எடுக்கப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தது, தலைவரானான். அடுத்து வந்த நல்ல நாளில் காப்புக் கட்டினார்கள். மஞ்சள் துண்டு கோத்த நூல் மணிக்கட்டில் ஏறிவிட்டால் திருவிழா முடியும் மட்டும் மச்சம் மாமிசத்தைத் தொடக்கூடாது. இவன் தொட்டான். காப்பு வலது கையில் இருந்தது என்று ஈரலை இடது கையால் நறுக்கினான். நான் பார்த்தேன். அம்மனுக்கு இடது கை தெரியாது என்று கணக்குப் போட்ட மனுஷனை நான் வேறெங்கும் கண்டதில்லை.

காப்புக் கட்டிய மூன்றாம் நாள் பூனை படுத்திருந்த சாக்கிலிருந்து இறங்கியது. கூரையிலிருந்து இல்லை, மேசையிலிருந்து இல்லை, நாலு விரல் உயரச் சாக்கிலிருந்து. முன்னங்கால் முறிந்தது. ஈர்க்குச்சி முறிகிற சத்தம்தான் கேட்டது என்று பிறகு சொன்னான். அன்றைக்குத்தான் அவன் வாய் ஓய்ந்து பார்த்தேன். விடிந்ததும் இரத்தினபுரிக்குப் போய்ப் படம் எடுத்தான். வருகிற வழியில், என்னையும் கஹவத்தை ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி சதீஸின் போனுக்கு எடுத்தான். தனியாக டொக்டர் முன்னால் போய் நிற்கப் பயம்.

அன்று பார்த்து நாய்களுக்கு வெறி பிடிக்காமல் விசர் ஊசி போடுகிற நாள். தோட்டத்தில் பாதி சனம் நாயும் கயிறுமாக அங்கே இருந்தது. சுதாகரனும் தன் கறுப்பு நாயைக் காலுக்கிடையில் இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தான்.

டொக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பக்கத்தில் வேறொரு பூனையின் படத்தையும் பிடித்துக் காட்டினார். எனக்கு எழுத்துத் தெரியாது, படம் தெரியும். அந்தப் பூனையின் எலும்பு பால் வெள்ளை. டொனிக்கின் எலும்பு எங்கே முடிகிறது, சதை எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. சீலையில் பட்ட கஞ்சிக் கறைபோல் இருந்தது.

கழுத்தில் மூச்சுக் குழாயின் இரண்டு பக்கமும் அரிசிக் குருணை அளவில் நாலு சுரப்பி இருக்கிறதாம். பாராதைரொயிட் என்று பேர். இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறையாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. தின்கிற தீனியில் அந்தச் சத்து வராவிட்டால் சுரப்பி எலும்பிலிருந்து அதை உருவி எடுக்கும். உருவி உருவி எலும்பை வெறும் கூடாக்கிவிடும். அதைத்தான் செய்திருக்கிறது என்றார் டொக்டர்.

அதற்குக் காரணம் இரண்டில் ஒன்று. வெறும் இறைச்சியாகக் கொடுத்து வளர்த்தால் வரும். அப்படியென்றால் வீட்டில் வைத்தே தீனியை மாற்றிச் சரியாக்கலாம். இல்லையென்றால் சுரப்பியே பழுதாகி வீங்கியிருக்க வேண்டும். இத்தனை சின்னப் பூனைக்கு அது அபூர்வம், ஆனால் முள்ளோடு மீனும் பாலும் கொடுத்ததாக நீங்கள் சொல்கிறீர்களே, அப்போது அதைத்தான் பார்க்க வேண்டும் என்றார். கண்டிப் பக்கத்துப் பெரிய மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரத்தம் சோதித்து, தேவைப்பட்டால் கழுத்தைத் திறந்து வெட்ட வேண்டியும் வருமாம். கடிதம் தருகிறேன், ஆனால் தூரப் பயணம், றோட்டில் ஒரு குலுங்கலில் முதுகெலும்பு உடைந்தால் பிறகு எழும்பாது, அதையும் சொல்லிவிட்டேன் என்றார்.

ஏழுமலை என்ன செய்தான் தெரியுமா? கடிதத்துக்குக் கையை நீட்டினான். காப்புக் கட்டிய கையை.

எனக்கு அவனைப் பல வருடமாகப் பிடிக்காது. ஆனால் அந்த நிமிஷத்தில் வந்த அருவருப்பு வேறு. மடியில் இருக்கிற உயிர், இவன் கை சூட்டைத் தவிர வேறு சூடு அறியாத உயிர், அதன் கழுத்தை அறுத்தாலும் பரவாயில்லை, தன் கரகம் நழுவக்கூடாது. நான் அவன் காதருகே குனிந்தேன்.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"சனம் இருக்கு அக்கா."

"பூனயும் இருக்கு."

அவன் சுதாகரனைப் பார்த்தான். பூனையைப் பார்த்தான். அது கத்தவில்லை, வாயை மட்டும் திறந்து மூடியது. தமிழில் சொன்னால் வாங்கு முழுக்கக் கேட்கும், சிங்களத்தில் சொன்னாலும் கேட்கும். அதனால் போத்தல் லேபல்களில் பொறுக்கிய இங்கிலீசைத் தேடி எடுத்தான்.

"டொக்டர். கேட், ஒன்லி பீஃப் லிவர். நோ போன். நோ பிஷ். ஐ டெல் லை."

டொக்டர் படத்தைக் கீழே வைத்தார். அவருக்கு நம்முடைய காப்பும் கரகமும் என்ன தெரியும்? பூனை பிழைக்கும் என்ற சந்தோஷத்தில் வாய்விட்டே கேட்டார்.

"ஹரக் பீகுது விதரத?"

மாட்டு ஈரல் மட்டுமா என்று. தமிழர் நிறைந்த நுவரெலியாப் பக்கமாக இருந்தால் பாதிப் பேருக்கு விளங்காமல் போயிருக்கலாம். எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் சிங்களம் விளங்கும். வாங்கில் இருந்த அத்தனை தலையும் அவன் மணிக்கட்டுக்குத் திரும்பியது. சுதாகரன் நாயை விட்டுவிட்டான். அது போய் யாரோ ஒருவரின் செருப்பைக் கவ்வியது, அதைப் பிடிக்கவும் ஆளில்லை.

டொக்டர் திட்டவும் செய்தார், வைத்தியமும் சொன்னார். ஈரலை அன்றோடு விட வேண்டும். குட்டிப் பூனைக்கென்று விற்கிற தீனியைக் கொடுக்க வேண்டும், கிடைக்காத நாளில் சின்ன மீனை முள் கரைகிற மட்டும் வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம். சுண்ணாம்புச் சத்துத் தூள் ஒன்றை எழுதிக்கொடுத்து, கரண்டி நுனியளவுக்கு மேல் போனால் அதுவும் கேடு என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக அடைப்பு. ஆறு கிழமை ஒரு கூட்டுக்குள், ஏறவும் குதிக்கவும் வழியில்லாமல். கட்டு வேண்டாம், உருவுதல் வேண்டாம், தூக்கினால் அடியில் கை கொடுத்துத் தூக்க வேண்டும். முதல் இரண்டு கிழமைதான் கண்டம் என்றார். கழுத்தில் கத்தி வைக்க வேண்டிய தேவை இல்லை.

நாங்கள் லயத்துக்கு வந்து சேருமுன் கோயில் வாட்ஸ்அப்பில் சேதி வந்து சேர்ந்துவிட்டது. மறுநாள் மாலை கமிட்டி கூடியது. காப்புக் கட்டியது தன் கையில், ஈரல் தின்றது பூனை, இதில் தீட்டு எங்கே வந்தது என்று இவன் வாதாடினான். நறுக்கியது யார் என்று சுதாகரன் கேட்டான். இடது கை என்று இவன் சொன்னதாகக் கேள்வி. சிரித்தவர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன். ஐயரைக் கூப்பிட்டுக் காப்பை அவிழ்த்தார்கள். கரகம் சுதாகரனுக்குப் போனது. அவனுடைய நடையும் எருமை நடைதான், அது வேறு கதை.

அஸீஸுக்குச் சேதி போனதும் மனசு கேட்காமல் சதீஸிடம் சொல்லி அனுப்பினான். "பூனைக்குன்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தா எலும்பையும் அரைச்சுக் குடுத்திருப்பனே" என்று. மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டியதில் அந்த ஒரு சொல்லும் அல்லவா கட்டுப்பட்டுப் போனது.

ஏழுமலை ஒரு கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துப் பூனையை உள்ளே வைத்தான். இரண்டு நாள் அது புதுத் தீனியை முகரவே இல்லை, ஈரலுக்குப் பழகிய நாக்கு. பட்டினி போட்டால் பூனைக்கு ஈரல் கெட்டுவிடும் என்று டொக்டர் போனில் சொல்லி, நகக்கண் அளவு ஈரலைக் கலந்து ஆசை காட்டி, நாளுக்கு நாள் குறைக்கச் சொன்னார். இவன் தூளை அள்ளி அள்ளிப் போடப் பார்த்தான். கூடினால் சீக்கிரம் எலும்பு ஊறும் என்று ஆரம்பித்தான். நான் தூள் டப்பாவைப் பிடுங்கி என் காம்பராவில் வைத்துக்கொண்டேன். காலையும் மாலையும் வந்து வாசலில் நின்று வாங்கிக்கொண்டு போவான். என்னோடு பேசமாட்டான், கையை மட்டும் நீட்டுவான்.

ஆறு கிழமை முடிந்து டொக்டர் கூடையை எடுக்கச் சொன்னார். பூனை நடக்கிறது. ஒரு பின்னங்கால் கோணல், இடுப்பு ஒரு பக்கம் சாயும், கூரையில் ஏறாது. இவனோ கொஞ்சமும் சாயாமல் நடக்கிறான், இப்போது லயத்துக்கே சுண்ணாம்புச் சத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறான். ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, ஒன்றும் படிக்கவில்லை. ஆனால் திருவிழா நாளில் நடந்ததைச் சொல்லாவிட்டால் நான் பொய் சொன்னவளாவேன்.

அப்போது பூனை கூடைக்குள் போய் எட்டாம் நாள். கரகம் லயம் லயமாக இறங்கி வரும், வாசலுக்கு வாசல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவோம். மூன்றாம் லயத்தில் எல்லாக் கதவும் திறந்திருந்தது, அவன் கதவு மூடியிருந்தது. வெட்கம், கிடக்கட்டும் என்று நினைத்தேன். பொங்கலில் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு கதவைத் தள்ளினேன். திட்டிவிட்டு வைத்துவிட்டு வரலாம் என்றுதான்.

அவன் தரையில் முழங்கால் போட்டுக் கூடையைக் கட்டிப்பிடித்தபடி குனிந்திருந்தான். கூடையைச் சுற்றி சுப்பம்மாவின் சீலைகளை மடித்து மடித்துச் சுற்றியிருந்தான், சத்தம் உள்ளே போகாமல். கரகத்தோடு வருகிற தப்பு மேளச் சத்தம் மேலே இரண்டாம் லயத்தில் கேட்டது. ஒவ்வொரு அடிக்கும் கூடைக்குள் நகம் பிறாண்டியது.

"தப்புக்குப் பயந்து துள்ளுதுக்கா. துள்ளுனா முதுகு போயிரும்" என்றான். முகத்தைத் தூக்கவில்லை. நாற்பது வருடமாகக் காத்திருந்த கரகம் அவன் வாசலைத் தாண்டிப் போகப்போகிறது. எட்டிப் பார்க்கக்கூட அவனுக்குக் கை ஒழியவில்லை.

"எத்தன மணியில இருந்து இப்பிடி இருக்க?"

"விடிஞ்சதுல இருந்து. மேல தோட்டத்துல அடிக்கத் தொடங்குனதுமே புடிச்சிட்டேன்."

"தின்னியா?"

கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு நானும் முழங்கால் போட்டேன். என் முழங்கால் மடங்காது, மடக்கினேன். இரண்டு கையையும் கூடையின் மேல் வைத்து, தின்னு, நான் பிடித்துக்கொள்கிறேன் என்றேன்.

அவன் உடனே கையை எடுக்கவில்லை. நான் எப்படிப் பிடிக்கிறேன் என்று பார்த்தான்.

"அமத்தாதீங்க. ஓரத்துல புடிங்க. ஒங்களுக்கு வெளங்காது."

தப்பு எங்கள் லயத்துக்குள் வந்துவிட்டது. அவன் ஒரு கையால் பொங்கலை வாயில் போட்டுக்கொண்டு, மற்றக் கையால் என் விரல்களை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டிக்கொண்டே இருந்தான். வாசலில் யாரோ மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் திரும்பவில்லை.